அமெரிக்கச் செவ்வியல் மெய்யியலும் இயற்கைவாதமும்: ஆய்வுக்குள் நுழைபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"செவ்வியல் அமெரிக்க மெய்யியல்" என்றால் யார் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த காலம் தொட்டு இரண்டாம் உலகப் போர் வரை எழுதியவர்கள். மாக்ஸ் ஃபிஷ் 1951இல் கொண்டுவந்த தொகைநூல் ஆறு பேரை எடுத்துக்கொண்டது: சார்லஸ் பர்ஸ் (1839–1914), வில்லியம் ஜேம்ஸ் (1842–1910), ஜோசையா ராய்ஸ் (1855–1916), ஜார்ஜ் சந்தயானா (1863–1952), ஜான் டூயி (1859–1952), வைட்ஹெட் (1861–1947). அந்த ஆறு பெயர்களும் வெகுகாலம் அசையவில்லை. இன்று ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், ஜேன் ஆடம்ஸ், டு பாய்ஸ், அலைன் லாக் ஆகியோரை விட்டுவிட்டு ஒரு வரலாறு எழுதினால், ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

"அமெரிக்க" என்ற அடைமொழியை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சந்தயானா மாட்ரிட்டில் பிறந்து, ஸ்பெயின் குடியுரிமையைக் கடைசிவரை விடாதவர். 1912இல் ஹார்வர்டு வேலையை உதறிவிட்டு ஐரோப்பா போனவர் திரும்பவே இல்லை. வைட்ஹெட் 63 வயதில் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர்.

பி.எட். பாடநூலில் இயற்கைவாதம் என்றால் ரூசோ, பயன்வழிக் கொள்கை (பிராக்மாட்டிசம், அதாவது ஒரு கருத்தின் பொருளை அதன் நடைமுறை விளைவுகளில் தேடுவது) என்றால் டூயி என்று தனித்தனி அத்தியாயம் இருக்கிறது. டூயியை எப்படி இயற்கைவாதி என்பது?

பெயர் ஒன்று, பொருள் வேறு. பாடநூல் சொல்வது குழந்தையை அதன் இயல்புப்படி வளரவிடும் கல்விக் கொள்கை. இலக்கியத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் சோலாவோடு சேர்த்துப் பேசப்படும் இயல்புவாதம் இன்னொன்று. மெய்யியலில் இயற்கைவாதம் என்பது மனிதனின் அறிவு, அறம், கலை, சமய உணர்வு எல்லாமே இயற்கைக்குள் முளைத்தவை, அவற்றை விளக்க இயற்கைக்கு வெளியே இன்னோர் உலகம் வேண்டாம் என்ற நிலைப்பாடு. இந்தப் பொருளில் டூயி முழு இயற்கைவாதி.

அவருடைய 1896 கட்டுரை ஒன்றைப் பார்த்தால் போதும். குழந்தை சுடரைப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சுடுகிறது, கையை இழுத்துக்கொள்கிறது. அன்றைய உளவியல் இதை "தூண்டல், பிறகு துலங்கல்" என்று துண்டுபோட்டது. வெளிச்சம் வந்து கண்ணில் விழுவது தொடக்கமே அல்ல, பார்ப்பது என்ற செயலே தொடக்கம் என்கிறார் டூயி. தலையும் கண்ணும் ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கின்றன. சுட்ட பிறகு அதே சுடர் "தொட்டால் சுடும்" சுடராகிவிடுகிறது. அதாவது பழைய செயலே பொருள் கூடித் திரும்புகிறது. மனம் இந்தப் பக்கம், உலகம் அந்தப் பக்கம் என்ற கோடு இங்கே அழிகிறது. பின்னாளில் அவர் எழுதிய பெரிய நூல்கள் பலவற்றின் விதை இந்தச் சின்னக் கட்டுரையில் இருக்கிறது.

அப்படியானால் ஆறு பேரும் இயற்கைவாதிகளா?

இல்லை. ராய்ஸ் கருத்துமுதல்வாதி, மெய்ம்மையின் அடிப்படை மனமே என்பவர். பர்ஸ் 1908இல் கடவுளின் மெய்ம்மைக்கு வாதம் எழுதியவர். ஜேம்ஸை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. சந்தயானாவும் டூயியும்தான் தெளிவான இயற்கைவாதிகள், அவர்கள் இருவருமே ஒருவரையொருவர் போலி என்றார்கள்.

அந்தச் சண்டை எதைப் பற்றியது?

டூயியின் "அனுபவமும் இயற்கையும்" 1925இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சந்தயானா "ஜர்னல் ஆஃப் ஃபிலாசஃபி" இதழில் விமர்சனம் எழுதினார். அவர் வாதம் இது: இயற்கைக்கு முன்புறம், பின்புறம் கிடையாது. "இங்கே", "இப்போது" கிடையாது. மற்றதையெல்லாம் வெறும் ஓரமாக்கிவிடும் மையம் எதுவும் அதில் இல்லை. டூயியோ மனித அனுபவம் என்ற முன்புறத்தை மேடையின் நடுவில் வைத்துவிட்டு, அதையே இயற்கை என்கிறார். எனவே இது அரைமனது இயற்கைவாதம், மூச்சு வாங்கும் இயற்கைவாதம்.

1927 பிப்ரவரியில் டூயி பதில் எழுதினார். தலைப்பே "அரைமனது இயற்கைவாதம்". மனிதனின் இங்கேயும் இப்போதும் இயற்கையில் இல்லை என்றால், அவை எங்கே இருக்கின்றன? மனிதனை இயற்கைக்கு வெளியே நிறுத்தினால்தான் அவனுடைய முன்புறம் இயற்கையின் முன்புறம் ஆகாமல் போகும். அப்படிச் செய்யும் சந்தயானாவின் இயற்கைவாதம்தான் முதுகெலும்பு முறிந்தது என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்: டூயியின் பதிலை மட்டும் படித்துவிட்டு சந்தயானாவை ஏதோ பழைய பொருள்முதல்வாதி என்று எழுதுவது. டூயி தொகுப்பின் பிற்காலப் பகுதி 3ஆம் தொகுதியில் பதில் இருக்கிறது, பின்னிணைப்பில் சந்தயானாவின் கட்டுரையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே உட்காரலில் படிக்கலாம். எங்கள் கணிப்பில் டூயி இந்தச் சுற்றில் வென்றார் என்பது சரி, ஆனால் சந்தயானா எழுப்பிய கேள்வி, மனிதனைப் பொருட்படுத்தாத இயற்கைக்கு டூயியிடம் இடம் எங்கே என்ற கேள்வி, தீரவில்லை.

இயற்கைவாதி என்றால் நாத்திகராகத்தான் இருக்க வேண்டுமா?

இயற்கைக்கு மேலான ஒன்றை ஏற்கக் கூடாது, அவ்வளவுதான். டூயி 1934இல் "சமயம்" என்ற நிறுவனத்தையும் "சமயத்தன்மை" என்ற அனுபவப் பண்பையும் பிரித்து, முந்தையதை விட்டுப் பிந்தையதைக் காக்கலாம் என்றார். சந்தயானாவோ நம்பாமலே கத்தோலிக்கச் சடங்குகளை ரசித்தவர்.

குவைனின் இயற்கைவாதமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு. பிற்கால அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1968இல் கொலம்பியாவில் ஆற்றிய டூயி சொற்பொழிவை, தன்னை டூயியோடு பிணைப்பது இயற்கைவாதமே என்று சொல்லித்தான் தொடங்குகிறார். ஆனால் குவைனுக்கு இயற்கை என்றால் கடைசியில் இயற்பியல் சொல்வது. டூயிக்கும், அவர் வழிவந்த கொலம்பியா குழுவினரான ராண்டால், நேகல், ஹுக் ஆகியோருக்கும் வலியும் அழகும் ஐயமும்கூட அணுவைப் போலவே இயற்கையின் பண்புகள். இவர்கள் அறிவியலின் முறையை எங்கும் கொண்டுபோகச் சொன்னார்களே தவிர, எல்லாவற்றையும் இயற்பியலாகச் சுருக்கச் சொல்லவில்லை. 1944இல் வந்த "இயற்கைவாதமும் மனித ஆன்மாவும்" தொகுப்பை இதற்காகவே படிக்க வேண்டும்.

பர்ஸை எப்படி மேற்கோள் காட்டுவது? 5.402 என்பது பக்கமா?

பக்கம் இல்லை. தொகுதி 5, பத்தி 402. ஹார்வர்டு வெளியிட்ட எட்டுத் தொகுதித் திரட்டின் வழக்கம் இது. 1 முதல் 6 வரை 1931–35இல் ஹார்ட்ஷார்னும் வைஸும் பதிப்பித்தவை. 7, 8 தொகுதிகள் 1958இல் பர்க்ஸ் பதிப்பித்தவை. எண் எளிது, ஆபத்தும் அதில்தான். பதிப்பாசிரியர்கள் காலவரிசையை விட்டுப் பொருள்வரிசையில் அடுக்கினார்கள். 30 ஆண்டு இடைவெளியில் எழுதியவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

ஒரு சான்று. 1878 கட்டுரையில் பர்ஸ் ஒரு வைரத்தைக் கற்பனை செய்கிறார். மென்மையான பஞ்சுக்குள்ளேயே உருவாகி, யாரும் தொடாமல், கீறிப் பார்க்காமல், அங்கேயே எரிந்துபோன வைரம். அது மென்மையாக இருந்தது என்று சொன்னால் பொய்யா? பொய்யில்லை, அது வெறும் சொல் ஏற்பாடு என்கிறார். இது 5.403. அதே தொகுதியில் 5.453க்கும் 5.457க்கும் போனால் அந்த வைரமே திரும்ப வருகிறது. அங்கே, கீறியிருந்தால் தாங்கியிருக்கும் என்பது மெய்யான ஒன்று, ஆகவே வைரம் கடினமாகத்தான் இருந்தது என்கிறார். அது 1905. இடையில் 27 ஆண்டுகள், ஒரு பெரிய மனமாற்றம். ஆண்டைப் போடாமல் இரண்டு எண்ணையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால், பர்ஸ் தன்னைத்தானே முரண்படுகிறார் என்றோ, முரணே இல்லை என்றோ எழுத நேரும். இரண்டுமே தப்பு.

பிராக்மாட்டிச விதியைச் சொல்லும் பத்தியான 5.402லேயே இன்னொரு பொறி உண்டு. மேலே உள்ள பாடம் 1878. அடிக்குறிப்புகளில் 1893இலும் 1906இலும் அவர் எழுதிச் சேர்த்தவை இருக்கின்றன. "கருதுதல்" என்ற வேரிலிருந்து வந்த சொற்களைத் தான் ஐந்து முறை வேண்டுமென்றேதான் போட்டதாக அவர் விளக்குவது 1906 குறிப்பு. அதை 1878இன் பர்ஸ் சொன்னதாக எழுதக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது: பத்தி எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் உரைப்பகுதியின் முதல் அடிக்குறிப்பையும், 8ஆம் தொகுதியின் இறுதியிலுள்ள நூற்பட்டியலையும் பாருங்கள். பிறகு அதே இடத்தை இந்தியானா பல்கலைக்கழகத்தின் காலவரிசைப் பதிப்பில் தேடுங்கள். 5.402இன் முதன்மைப் பாடம் அங்கே 3ஆம் தொகுதி, பக்கம் 266. இரண்டு தொகுதிகளாக வந்த தேர்ந்தெடுத்த பதிப்பில் 1:132. மூன்றையும் சேர்த்துத் தருவது நல்ல பழக்கம்.

காலவரிசைப் பதிப்பு இருக்கும்போது பழைய எட்டுத் தொகுதி எதற்கு?

புதியது 1982இல் தொடங்கி 2010க்குள் ஏழு தொகுதிகள்தான் வந்தன: 1 முதல் 6 வரை, பிறகு 8. அது 1892ஓடு நிற்கிறது. பர்ஸின் முதிர்ந்த எழுத்து அதற்குப் பிறகு. 1893–1913 காலத்துக்குத் தேர்ந்தெடுத்த பதிப்பின் 2ஆம் தொகுதியை (1998) முதலில் பார்த்து, இல்லாததற்குப் பழைய திரட்டுக்குப் போக வேண்டும். அதிலும் இல்லையென்றால் கையெழுத்துப்படி.

கையெழுத்துப்படிகளை எப்படி அணுகுவது?

பர்ஸ் 1914 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் இறந்தார். அவர் மனைவி ஜூலியெட்டிடமிருந்து தாள்கள் ஹார்வர்டுக்குப் போயின, இன்று ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. சுமார் 1 லட்சம் பக்கம். ராபின் 1967இல் போட்ட அட்டவணை எண்தான் முகவரி: "ஆர் 318" என்றால் 1907இல் எழுதிய பிராக்மாட்டிசக் கட்டுரையின் கட்டு. பெரும்பகுதியின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

குழப்பம் எண்ணுக்குள்ளே இருக்கிறது. பர்ஸ் ஒரு கட்டுரையைப் பாதிவரை எழுதுவார், பிடிக்காது, 12ஆம் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுவார். அதனால் ஒரே கட்டில் ஒரே பக்க எண் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும். "ஆர் 318, பக்கம் 14" என்று மட்டும் எழுதினால் உங்கள் வாசகர் வேறு தாளைப் படிப்பார். அவர் கையால் போட்ட எண்ணையும், படத்தின் வரிசை எண்ணையும், முதல் நாலைந்து சொற்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

டூயியின் 37 தொகுதிகளில் எங்கே தொடங்குவது?

தென் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கார்பன்டேலில், ஜோ ஆன் பாய்ட்ஸ்டன் தலைமையில் 1967 முதல் 1990 வரை வந்த பதிப்பு இது. மூன்று வரிசை: தொடக்ககாலம் 5 (1882–1898), இடைக்காலம் 15 (1899–1924), பிற்காலம் 17 (1925–1953). "இடை 9:93" என்றால் இடைக்கால வரிசை, 9ஆம் தொகுதி, பக்கம் 93.

வரிசையாகப் படிக்க வேண்டாம். முதலில் 1909இன் டார்வின் கட்டுரை (இடை 4). அடுத்து "மெய்யியலின் மறுசீரமைப்பு" (இடை 12). பிறகு "அனுபவமும் இயற்கையும்" (பிற் 1). அந்தக் கடைசி நூலை முதலில் எடுத்தவர்கள் பலர் 40ஆம் பக்கத்தைத் தாண்டுவதில்லை, அது அவர்கள் குற்றமில்லை. முதல் அத்தியாயம் 1925இல் ஒன்று, 1929 இரண்டாம் பதிப்புக்காக டூயி புதிதாக எழுதியது வேறொன்று. தொகுப்பு 1929 பாடத்தை உள்ளே வைத்து, 1925 அத்தியாயத்தைப் பின்னிணைப்பில் தருகிறது. சந்தயானா 1925இல் விமர்சித்தது பழைய அத்தியாயம் உள்ள நூலை என்பதை மறக்காதீர்கள். அதே பின்னிணைப்புப் பகுதியில் முடிக்காமல் விட்ட முன்னுரையும் உண்டு. மறுபடி எழுதினால் "பண்பாடும் இயற்கையும்" என்று தலைப்பிடுவேன் என்று டூயி அதில் சொல்கிறார்.

ஒரே வரிக்கு ஆளாளுக்கு ஒரு பக்க எண் போடுகிறார்களே?

பதிப்பு வேறு. "ஜனநாயகமும் கல்வியும்" நூலில், ஜனநாயகம் ஆட்சிமுறை மட்டுமல்ல, சேர்ந்து வாழும் வாழ்க்கைமுறை என்னும் புகழ்பெற்ற வரி, 1916 மாக்மில்லன் பதிப்பில் பக்கம் 101. பின்னாள் ஃப்ரீ பிரஸ் அட்டைப் பதிப்பில் 87. தொகுப்பில் இடை 9:93. குட்டன்பர்க் தளத்தின் உரையில் பக்கமே இல்லை. அங்கே சொல்லைத் தேடி அத்தியாயத்தைக் கண்டுபிடித்து (இது 7ஆம் அத்தியாயம்), இணைய ஆவணகத்தில் உள்ள 1916 படப்பிரதியில் பக்கத்தைச் சரிபாருங்கள். தொகுப்பின் பல தொகுதிகளில் கடைசியில் பழைய பதிப்புக்கான பக்க ஒப்பீடு இருக்கிறது, நேரம் மிச்சம்.

அந்த வரி அம்பேத்கரிடமும் இருக்கிறதே?

ஆம். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது டூயியின் வகுப்புகளில் இருந்தார். 1936இன் "சாதி ஒழிப்பு" உரையில் டூயியைத் தன் ஆசிரியர், தான் பெரிதும் கடன்பட்டவர் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஆனால் ஜனநாயகம் பற்றிய அந்த வரி மேற்கோள்குறி இல்லாமல் வருகிறது.

"எங்கிருந்து எடுத்தார்" என்று கண்டுபிடித்ததோடு பல கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. பார்க்க வேண்டியது அடுத்த வரி. டூயியிடம் அது, ஒருவரின் செயல் மற்றவர் செயலைக் கணக்கில் கொள்ளும்படி பங்கேற்போர் பெருகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறது. அம்பேத்கரிடம், சாராம்சத்தில் அது சக மனிதர்மீது கொள்ளும் மரியாதை மனப்பான்மை என்று திரும்புகிறது. இந்த வாக்கியம் டூயியிடம் இல்லை. அதேபோல் ஆளும் வகுப்பு, ஆளப்படும் வகுப்பு என்ற பிரிவு சமூகத்தில் சவ்வூடு பரவலைத் தடுக்கிறது என்று டூயி அதே 7ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். அம்பேத்கர் அந்த உயிரியல் சொல்லையே எடுத்து, சாதிக்கு எதிரான இலட்சியச் சமூகத்தின் அடையாளமாக ஆக்குகிறார். டூயியின் 7ஆம் அத்தியாயத்தையும் உரையின் இலட்சியச் சமூகப் பகுதியையும் இரண்டு பத்தியாக அச்சிட்டு, மாறிய சொற்களை அடிக்கோடிடுங்கள். ஆய்வு அங்கே ஆரம்பிக்கும்.

டூயியின் "ஐந்து படிகள்" எங்கே உள்ளன?

1910இல் "நாம் சிந்திப்பது எப்படி" நூலில் (இடை 6): இடறலை உணர்தல், அதை வரையறுத்தல், தீர்வு ஒன்றை ஊகித்தல், அதன் விளைவுகளை யோசித்துப் பார்த்தல், சோதித்து ஏற்றல் அல்லது தள்ளல். 1933இல் நூலைத் திருத்தி எழுதியபோது (பிற் 8) இந்த ஐந்தின் வரிசை நிலையானதல்ல என்று தனித் தலைப்பிட்டே சொன்னார். பாடத்திட்டத் தாள்களில் படி 1, படி 2 என்று ஏணிபோல வரைவது அவர் வெளிப்படையாக மறுத்த ஒன்று.

"கல்வி வாழ்க்கைக்கான ஆயத்தம் அல்ல, கல்வியே வாழ்க்கை" என்பதும் அப்படியே அவர் எழுதியதல்ல. 1897இன் கல்வி அறிக்கையில் இருப்பது, கல்வி என்பது வாழும் நிகழ்முறை, வருங்கால வாழ்வுக்கான ஆயத்தம் அல்ல என்ற வாக்கியம் (தொடக்க 5:87).

"எது உதவுமோ அதுவே உண்மை" என்றுதானே ஜேம்ஸ் சொன்னார்?

அரை வாக்கியம். 1907 நூலின் 6ஆம் சொற்பொழிவில், உண்மை என்பது நம் சிந்தனையில் உசிதமானது என்கிறார், உடனே "நீண்டகால ஓட்டத்தில், மொத்தத்தில்" என்று சேர்க்கிறார். 2ஆம், 6ஆம் சொற்பொழிவுகளைச் சேர்த்துப் படித்துவிட்டு விமர்சியுங்கள்.

மீட் எழுதிய "மனம், தன்னிலை, சமூகம்" நம்பகமானதா?

மீட் அதை எழுதவில்லை. 1931இல் இறந்தார். மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து சார்லஸ் மோரிஸ் 1934இல் கோத்த நூல் அது. துணைத்தலைப்பில் வரும் "சமூக நடத்தைவாதி" மோரிஸ் ஒட்டிய சீட்டு. 2015 பதிப்பில் எது எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்று காட்டியிருக்கிறார்கள். அதையே பயன்படுத்துங்கள்.

தமிழில் கலைச்சொற்களுக்கு என்ன செய்வது?

"பிராக்மாட்டிசம்" என்றே வைத்துக்கொள்வதுதான் எங்கள் பரிந்துரை. "பயன்வழி", "பயன்பாட்டுவாதம்" என்றால் பெந்தாமின் பயனீட்டுவாதத்தோடு கலந்துவிடும், ஜேம்ஸ் பற்றிய தப்பபிப்பிராயமும் சொல்லிலேயே ஏறிக்கொள்ளும்.

சிரமமான சொல் "அனுபவம்". தமிழில் அது ஒன்று முதியவரிடம் சேர்ந்திருப்பது, அல்லது சாமியாருக்கு வாய்ப்பது. டூயிக்கோ அது செய்வதும் படுவதும் சேர்ந்த நடப்பு. படும் பாதிக்குத் தமிழில் அழகான சொல் கைவசம் உண்டு: பட்டறிவு. "பட்டால்தான் தெரியும்" என்பதில் அந்தப் "படு" இருக்கிறது. செய்யும் பாதி அதில் இல்லை என்பதால் முழு மொழிபெயர்ப்பாகாது. முதல் முறை "செய்தலும் படுதலுமான அனுபவம்" என்று விரித்துவிட்டு, பிறகு அனுபவம் என்று போகலாம். ஆய்வைக் குறிக்க "விசாரணை" வேண்டாம், போலீஸ் வாடை.

பெயர்கள்: "பியர்ஸ்" அல்ல, பர்ஸ். பணம் வைக்கும் பர்ஸ்போலத்தான் அவர் குடும்பமே உச்சரித்தது. ஆனால் தமிழ் நூல்களைத் தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

டூயியைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. டூயியும் சந்தயானாவும் 1952இல் இறந்தவர்கள், எனவே அவர்கள் வாழ்நாளில் வெளியானவை 2013 முதல் இங்கே பொதுவுடைமை. அமெரிக்காவில் கணக்கு வேறு, வெளியாகி 95 ஆண்டு. 1934இன் "கலை என்னும் அனுபவம்" அங்கே 2030இல்தான் விடுபடும். அமெரிக்கத் தளத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் கவனிக்கவும். இறந்தபின் முதன்முறை வெளியானவை இந்தக் கணக்கில் வராது: 2012இல் வந்த டூயியின் காணாமல்போன கையெழுத்துப்படி அப்படி ஒன்று. பதிப்பாசிரியர்களின் முன்னுரை, குறிப்புகளுக்கும் தனி உரிமை உண்டு. மூலத்தை 1916, 1925 போன்ற பழைய அச்சிலிருந்து எடுத்து மொழிபெயர்த்துவிட்டு, ஓரத்தில் தொகுப்பின் பக்க எண்ணை மட்டும் தரலாம்.

கட்டுரையை எங்கே அனுப்புவது?

பர்ஸ் சங்கத்தின் "டிரான்சாக்ஷன்ஸ்" 1965 முதல் வரும் காலாண்டிதழ், பர்ஸ் மட்டுமின்றி மரபு முழுவதற்கும் இடம் தருவது. 2009இல் தொடங்கிய ஐரோப்பிய பிராக்மாட்டிச இதழ் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது, அங்கே என்ன மாதிரிக் கட்டுரைகள் வருகின்றன என்று முதலில் பத்தாவது படித்துப் பாருங்கள். அனுப்பும் முன் தலைப்பை ஒருதரம் சுருக்குங்கள். "டூயியும் இயற்கையும்" என்பது 17 தொகுதிக்கான தலைப்பு. "1925 அத்தியாயத்திலிருந்து 1929இல் டூயி எதை நீக்கினார்" என்பது 8,000 சொல்லுக்கான தலைப்பு.